முந்தி வந்த காதும் பிந்தி வந்த கொம்பும்: நெய்யூரும் வேலூரும்

குமரி மாவட்டம் கருங்கல் ஊர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: ‘அப்பாவுக்குச் சிறுநீரகக் கோளாறு. வேலூர் சி.எம்.சி.யில் (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி) 11 நாள் தங்கிப் பார்த்துவிட்டு வந்தோம். அந்த ஆஸ்பத்திரி தொடங்கியது 1900 என்று அங்கே போனபோதுதான் தெரிந்தது. நம்ம நெய்யூர் ஆஸ்பத்திரி 1838. ரெண்டும் மிஷனரிகள் ஆரம்பித்தது, ரெண்டும் லாப நோக்கம் இல்லாதது என்கிறார்கள். பிறகு எப்படி அது ஒரு ஊரளவுக்கு வளர்ந்தது? நம்முடையது ஏன் அப்படி ஆகவில்லை? அதோடு, லாபம் பார்க்காத ஆஸ்பத்திரி என்றால் எங்கள் கையில் பில் எதற்கு?’

கேள்வி ரெண்டாகத் தெரிந்தாலும் அடியில் கிடப்பது ஒரு ஆதங்கம்தான். முன்னே வந்த காதைப் பின்னே வந்த கொம்பு மறைத்துவிட்டதே, நம்ம ஆட்கள் எங்கேயோ கோட்டை விட்டுவிட்டார்களோ என்ற சந்தேகம். அதற்குத்தான் பதில் சொல்லப் பார்க்கிறேன். முதலில் ஒன்று: நான் டாக்டர் இல்லை. மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் வேலை கற்றது வேலூரில். பிறகு 31 வருஷம் நம்ம மாவட்டத்து மிஷன் ஆஸ்பத்திரிகளில், நோயாளி கோப்புகளுக்கும் கணக்குப் புத்தகங்களுக்கும் நடுவே என் காலம் போனது. எந்த நோய்க்கு எது மருந்து என்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. ஒரு ஆஸ்பத்திரி எதைத் தின்று வளர்கிறது, எதனால் மெலிகிறது என்று கேட்டால் கொஞ்சம் சொல்லலாம்.

நெய்யூரிலிருந்தே வருகிறேன். லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்ல்ஸ் மீட் 1828ல் நாகர்கோவிலிலிருந்து நெய்யூருக்குக் குடிபெயர்ந்தார். பத்து வருஷம் கழித்து, 1838ல், ஆர்ச்சிபால்ட் ராம்சே என்ற டாக்டர் அங்கே வந்து சேர்ந்தார். நாம் பெருமையாகச் சொல்லும் வருஷக் கணக்கு அவரிலிருந்துதான் தொடங்குகிறது. ஆனால் ராம்சே சில வருஷத்திலேயே போய்விட்டார். பிறகு நெடுநாள் டாக்டரே இல்லை. 1852ல் சார்ல்ஸ் லீச் வந்தார். 1854ல் முட்டம் கடலில் குளிக்க இறங்கியவர் மூழ்கி இறந்துபோனார். மறுபடியும் இடைவெளி. 1861ல் ஜான் லோ வந்த பிறகுதான் வேலை கால் ஊன்றியது. ஆக 1838 விதை போட்ட வருஷம் என்று வைத்துக்கொள்ளலாம். அதிலிருந்து இன்றுவரை ஒரே மூச்சாக ஒரு ஆஸ்பத்திரி நடந்தது போல நினைப்பது சரியில்லை. ஒரே ஒரு டாக்டரை நம்பிய இடம் அது. அவர் ஊர் திரும்பினாலோ கடலோடு போனாலோ கதவும் சாத்தப்படும்.

இது லோவுக்கு நன்றாகவே புரிந்திருக்க வேண்டும். வந்த சில வருஷத்திலேயே உள்ளூர் இளைஞர்களைச் சேர்த்து ஒரு மருத்துவ வகுப்பு ஆரம்பித்தார். உடற்கூறு, மருந்துகள், கட்டுக் கட்டுவது, சின்னச் சின்ன அறுவை வேலை எல்லாம் கற்றுக்கொடுத்து, தேறியவர்களைக் கிளை மருந்தகங்களுக்கு அனுப்பும் ஏற்பாடு. தம்பி இதைக் கவனிக்க வேண்டும்: வேலூரில் மருத்துவப் பள்ளி திறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே நம்மூரில் பாடம் நடந்திருக்கிறது. லோ 1868ல் ஊர் திரும்பினார். 1873ல் வந்த தாம்சனும் அவருக்குப் பின் வந்தவர்களும் அந்த வழியையே பிடித்துப் போனார்கள். ‘கற்பிக்கத் தெரியாததால் நெய்யூர் பின்தங்கியது’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கற்பித்தார்கள். யாருக்காகக் கற்பித்தார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அதற்கு முன்னால் சாமர்வெல்லைப் பற்றிச் சொல்லாமல் போனால் நெய்யூர்க்காரர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். ஹோவர்ட் சாமர்வெல், முதல் உலகப் போரில் பிரான்சின் சொம் போர்முனையில் அறுவை செய்த டாக்டர், மலையேறி. 1922ல் எவரெஸ்ட் ஏறப் போன குழுவில் இருந்தார். அந்தப் பயணம் பனிச்சரிவில் ஏழு சுமையாட்கள் இறந்ததோடு முடிந்தது. மனம் சரியில்லாமல் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பியவர் தெற்கே கடைசிவரை வந்து நெய்யூர் ஆஸ்பத்திரியைப் பார்த்தார். வாசலில் காத்துக்கிடந்த கூட்டத்தையும் உள்ளே திணறிக்கொண்டிருந்த டாக்டரையும் பார்த்தபின், லண்டனில் காத்திருந்த நல்ல வேலையை வேண்டாமென்று சொல்லிவிட்டு 1923ல் இங்கேயே வந்துவிட்டார். மறுவருஷம் நெய்யூரிலிருந்துதான் மறுபடி எவரெஸ்டுக்குப் போனார். சக மலையேறி நார்ட்டனோடு ஆக்சிஜன் இல்லாமல் 28,000 அடி வரை ஏறி, தொண்டைச் சதை உரிந்து மூச்சு அடைத்து, அதை இருமித் துப்பி உயிர் பிழைத்து இறங்கினார். அதே பயணத்தில் உச்சியை நோக்கிப் போய்த் திரும்பாத மலையேறி மேலரி கடைசியாகக் கையில் கொண்டுபோன கேமரா இவரிடம் இரவல் வாங்கியது. இவ்வளவும் உலகத்துக்குத் தெரிந்த கதை. நம்மூர்ப் பாட்டிமாருக்கு எவரெஸ்ட் ஒன்றும் பெரிசில்லை. அவர்களைப் பொறுத்தவரை சாமர்வெல் என்றால் வயிற்றைக் கிழித்துத் தைத்து எழுப்பி நடக்கவிட்ட டாக்டர்.

வயிறு என்று சும்மா சொல்லவில்லை. தெற்குத் திருவிதாங்கூரில் அந்தக் காலத்தில் குடல்புண் மிக அதிகம். சாமர்வெல்லும் அவரோடு வேலை பார்த்த ‘ஓர்’ (Orr) என்ற பெயருள்ள டாக்டரும் இதைப் பற்றி 1936ல் பிரிட்டிஷ் அறுவை மருத்துவ இதழில் எழுதினார்கள். மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்கு) காரமுமாக ஓடிய ஏழைச் சாப்பாட்டின் மேல் அன்றைக்குப் பழி விழுந்தது. குடல்புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபாக்டர் கிருமியை 1980களில் கண்டுபிடித்த பிறகு கதை மாறிவிட்டது, மரச்சீனி பாவம். இன்னொன்று கன்னத்துப் புற்றுநோய். வெற்றிலை, சுண்ணாம்பு, பொயிலை எல்லாம் சேர்த்து ராத்திரி முழுக்கக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு தூங்கும் பழக்கத்தின் கூலி. அதற்கு ரேடியம் வைத்துச் சிகிச்சை செய்த இடங்களில் நெய்யூரும் ஒன்று. இன்றைக்கும் நெய்யூரில் புற்றுநோய் சிகிச்சை நடக்கிறது என்றால் அதன் வேர் அங்கே இருக்கிறது.

அந்த நாளில் நெய்யூர் ஒரே கட்டடம் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். மார்த்தாண்டத்தில், அதாவது பழைய தொடுவட்டியில், ஒரு கிளை. வடக்கே கொல்லம் பக்கம் குண்டறையில் ஒரு கிளை. இப்படித் திருவிதாங்கூர் நெடுகக் கிளை ஆஸ்பத்திரிகள். சின்ன நோய்க்குக் கிளையில் மருந்து. பெரிய அறுவை என்றால் நெய்யூருக்குக் கட்டிலோடு தூக்கி வருவார்கள், அல்லது பெரிய டாக்டர் குறித்த நாளில் கிளைக்குப் போவார். பஸ் இல்லாத, கையில் காசும் இல்லாத ஊருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியாது என்பது என் எண்ணம். உலகத்திலேயே பெரிய மருத்துவ மிஷன் என்று அன்றைக்கு எழுதினார்கள். யார் எதை வைத்து அளந்தார்கள் என்று நான் வாதாட வரவில்லை, மிகப் பெரியவற்றில் ஒன்று என்பது போதும். ஆனால் கிளை பரப்பும் மரம் உயரமாகப் போகாது. ஒரே இடத்தில் படுக்கைகளையும் டாக்டர்களையும் குவித்தால்தான் கல்லூரி வரும். நெய்யூர் குவிக்கவில்லை, பரப்பியது. (நாகர்கோவில் வடசேரியில் இரட்சணிய சேனையின் காத்தரின் பூத் ஆஸ்பத்திரியும் இதே காலத்தில்தான் வளர்ந்தது. 1893ல் ஹாரி ஆண்ட்ரூஸ் என்ற இளைஞர் தம் வீட்டுக் குளியலறையில் மருந்து கொடுக்க ஆரம்பித்த இடம் அது. அதன் கதை தனி.)

இனி வேலூர். ஐடா ஸ்கடர் 1870ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். தாத்தா, அப்பா, பெரியப்பாமார் என்று குடும்பமே மிஷனரி டாக்டர்கள். ஐடாவுக்கோ இந்த வெயிலும் வறுமையும் வேண்டாம், அமெரிக்காவிலேயே இருந்துகொள்ளலாம் என்ற எண்ணம். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனத்துக்கு வந்திருந்தபோது ஒரே ராத்திரியில் மூன்று வீட்டு ஆண்கள் வந்து, பிரசவ வலியில் கிடக்கும் தங்கள் மனைவியைப் பார்க்க வரச் சொல்லிக் கேட்டார்கள். ‘நான் டாக்டர் இல்லை, அப்பாதான் டாக்டர், அவரை அனுப்புகிறேன்’ என்றார் ஐடா. ஆண் டாக்டர் வேண்டாம் என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். இது ஐடா தாமே திரும்பத் திரும்பச் சொன்ன கதை. சொல்லிச் சொல்லிக் கொஞ்சம் மெருகேறியிருக்கலாம். ஆனால் ஆண் டாக்டர் தொடக்கூடாது என்று பெண்கள் செத்த காலம் அது என்பதில் சந்தேகமில்லை.

கார்னெல் கல்லூரியில் படித்து 1899ல் டாக்டரான ஐடா, 1900ல் வேலூரில் அப்பாவின் வீட்டிலேயே ஒற்றைப் படுக்கையோடு ஆரம்பித்தார். தம்பி பார்த்த 1900 அதுதான். 1902ல் 40 படுக்கையோடு பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி எழுந்தது. நியூயார்க்கில் ஒரு வங்கிக்காரர் மனைவி நினைவாகக் கொடுத்த 10,000 டாலர். முதலில் கூட நின்று மருந்து கலக்கக் கற்றுக்கொண்டவர் வீட்டில் வேலை பார்த்தவரின் மனைவி சலோமி. 1909ல் நர்ஸ் பயிற்சிப் பள்ளி வந்தது. அதுவரை பார்த்தால் நெய்யூருக்கும் வேலூருக்கும் பெரிய வித்தியாசம் ஏதுமில்லை. சொல்லப்போனால் நெய்யூர்தான் பெரிசு.

வழி பிரிந்தது 1918ல். பெண்களுக்கு ஒரு மருத்துவப் பள்ளி வேண்டும் என்று ஐடா சென்னை அரசிடம் போனார். விண்ணப்பம் ஆறு வந்தால் அதிசயம் என்கிற தோரணையில்தான் அனுமதி கிடைத்தது. வந்தவை 151. அந்த ஆகஸ்டில் கவர்னர் பென்ட்லண்ட் பிரபு திறந்துவைத்தார். பள்ளியின் பெயரைப் பாருங்கள்: யூனியன் மிஷன் மெடிக்கல் ஸ்கூல். அந்த ‘யூனியன்’ என்ற சொல்லில்தான் தம்பியின் கேள்விக்கான பதிலில் பாதி இருக்கிறது என்பேன். ஒரு மிஷனின் பள்ளி இல்லை, பல சபைகள் சேர்ந்து காசு போட்ட பள்ளி. இங்கே படித்த பெண் எந்தச் சபையின் ஆஸ்பத்திரிக்கும் போகலாம்; அதனால் எல்லாச் சபைக்கும் இந்தப் பள்ளி நிற்க வேண்டிய அவசியம் இருந்தது. அதோடு, படித்து முடித்தவர் கையில் அரசு ஏற்றுக்கொண்ட எல்.எம்.பி. சான்றிதழ், அதாவது வைத்தியம் பார்க்க உரிமை தரும் அந்தக் காலத்து டிப்ளமா. நெய்யூரில் படித்தவர் நெய்யூருக்காகப் படித்தார், கிளைக்குப் போனார். வேலை தெரிந்தவர்தான், ஆனால் மிஷனுக்கு வெளியே அந்தப் படிப்புக்குச் செலாவணி குறைவு. பட்டமும் பதிவும் இல்லாமல் வைத்தியம் பார்க்க முடியாது என்ற காலம் வந்தபோது அந்த வகுப்பு தானாகவே காலாவதியானது.

வேலூருக்கும் கழுத்தில் கத்தி விழாமல் இல்லை. 1938ல் சென்னை அரசு எல்.எம்.பி. படிப்பையே நிறுத்த முடிவெடுத்தது. இனி எம்.பி.பி.எஸ். மட்டும்; அதற்குப் பல்கலைக்கழக அங்கீகாரம் வேண்டும்; அங்கீகாரத்துக்கு இன்னும் நிறையப் படுக்கை, தனித்தனித் துறைகள், மேல்படிப்புப் படித்த பேராசிரியர்கள் வேண்டும். இல்லையென்றால் மூடு. ஐடாவுக்கு அப்போது வயது 67. ஓய்வெடுத்துக் கொடைக்கானலில் உட்கார்ந்திருக்க வேண்டிய வயதுக்காரர், போர்க்காலத்தில் அமெரிக்கா போய் ஊர் ஊராகப் பணம் திரட்டினார். 1942ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தற்காலிக அங்கீகாரம் கிடைத்தது. தொழுநோய் நிபுணர் ராபர்ட் காக்ரேன் முதல்வரானார். ஆனால் அந்த அளவுக்குப் பணமும் ஆளும் பெண்கள் சங்கங்களிடம் மட்டும் கையேந்தினால் கிடைக்காது, எல்லா மிஷன்களும் முழுசாக உள்ளே வர வேண்டும், அப்படி வந்தால் ஆண்களையும் சேர்க்கச் சொல்வார்கள் என்ற நிலைமை. இதில் பெரிய சண்டை நடந்தது. இந்தியப் பெண்களுக்காக என்று சொல்லி வருஷக்கணக்காகக் காசு திரட்டிய அமெரிக்கப் பெண்களில் சிலருக்கு இது வாக்கு மீறலாகப் பட்டது. ஐடாவும் ரெண்டு மனசில்தான் இருந்தார். கடைசியில் ஒத்துக்கொண்டார், 1947ல் முதல் ஆண் மாணவர்கள் சேர்ந்தார்கள். அந்த முடிவு எடுக்காமல் இருந்திருந்தால் வேலூர் இன்று ஒரு நல்ல பிரசவ ஆஸ்பத்திரியாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். இது என் ஊகம்தான்; ஆனால் கணக்குப் புத்தகம் பார்த்தவனின் ஊகம்.

இதே 1938ல் நம்ம பக்கம் என்ன நடந்தது தெரியுமா? திருவிதாங்கூர் அரசு மேரி புன்னன் லூக்கோஸ் என்ற பெண் டாக்டரை சர்ஜன் ஜெனரலாக நியமித்தது. சமஸ்தானத்து அரசு ஆஸ்பத்திரிகள் அத்தனைக்கும் ஒரு பெண் தலைவர். திருவிதாங்கூரில் அரசாங்கமே ஆஸ்பத்திரி கட்டிக்கொண்டிருந்தது என்பதைச் சொல்லத்தான் இதை எடுத்தேன். திருவனந்தபுரம் ஜெனரல் ஆஸ்பத்திரி 1865லேயே வந்துவிட்டது. மருத்துவக் கல்லூரி 1951ல் வந்தது, நேரு வந்து திறந்துவைத்தார். நெய்யூரிலிருந்து திருவனந்தபுரம் எவ்வளவு தூரம்? காலையில் சாயா குடித்துவிட்டுக் கிளம்பினால் ஓ.பி. சீட்டு போடப் போய்விடலாம். பக்கத்திலேயே அரசுக் கல்லூரி இருக்கும்போது மிஷன் எதற்காக இன்னொரு கல்லூரிக்கு அலைய வேண்டும்? சென்னை மாகாணத்தில் வேலூரைச் சுற்றி அப்படி ஒரு நிழல் இல்லை.

அதே சமயம் நம்ம தலையில் எல்லைக்கோடும் விழுந்தது. 1956 நவம்பர் 1ல் குமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நாம் சந்தோஷப்பட்ட நாள், அதில் மாற்றமில்லை. ஆனால் நெய்யூரின் கிளைகளில் ஒரு பகுதி கேரளத்தில் நின்றுவிட்டது. 1947ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது லண்டன் மிஷனின் சொத்தெல்லாம் அதன் கைக்கு வரத் தொடங்கியிருந்தது. 1959ல் தெற்குத் திருவிதாங்கூர் பேராயமும் (ஒரு பிஷப்பின் கீழ் உள்ள சபை நிர்வாகப் பகுதி) தெற்குக் கேரளம், கன்னியாகுமரி என்று ரெண்டானது. ஒரு தலையும் பல கையுமாக இருந்த மருத்துவ மிஷன், ரெண்டு மாநிலத்து ரெண்டு பேராயத்துக்கும் பங்கு பிரித்த குடும்பச் சொத்து போல ஆனது. வெளிநாட்டுப் பணமும் டாக்டர்களும் குறைந்துகொண்டே வந்த காலமும் அதுவே. வேலூர் எந்த ஒரு பேராயத்துக்கும் சொந்தமில்லை என்பதால் இந்த மாதிரிப் பாகப்பிரிவினை அதைத் தொடவில்லை. ஒரு வீட்டுக்காரர் கோபித்துக்கொண்டு போனாலும் மற்றவர்கள் இருப்பார்கள்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது. சாமர்வெல் 1949ல் நெய்யூரை விட்டுப் போனார். எங்கே? வேலூருக்கு. அங்கே அறுவை மருத்துவம் கற்பிக்கும் பேராசிரியராக 1961 வரை இருந்தார். நெய்யூரில் இருபத்தைந்து வருஷம் வயிறு வயிறாக அறுத்துக் கற்றதை வேலூர் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அந்தக் காலத்து வேலூரில் வேறு யார் யார் இருந்தார்கள் பாருங்கள்: தொழுநோயால் மடங்கிப்போன விரலை 1948ல் தசைநாண் மாற்றி நிமிர்த்திக் காட்டிய பால் பிராண்ட், 1949ல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கிய ஜேக்கப் சாண்டி. அப்படிப்பட்ட கூட்டத்தில் நம்ம நெய்யூர் டாக்டரும் ஒருவர். ஆகவே தம்பி, உங்கள் அப்பாவைப் பார்த்த டாக்டரின் வாத்தியாருடைய வாத்தியார் நெய்யூரில் கத்தி பிடித்தவராக இருக்கவும் வாய்ப்பு உண்டு.

இதில் எது உறுதி, எது என் கணிப்பு என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன். வருஷங்கள், ஆட்கள், 1918, 1938, 1942, 1947 திருப்பங்கள் இவை எல்லாம் உறுதியானவை. பல சபைகளின் கூட்டு, அரசு ஏற்ற சான்றிதழ் இந்த ரெண்டும்தான் வேலூரை நிறுத்தியது என்பது என் தீர்ப்பு. அதில் எனக்கு ஓரளவு திடம் உண்டு. திருவனந்தபுரம் பக்கத்தில் இருந்ததால் நெய்யூர் கல்லூரியாகவில்லை என்பது அதைவிடச் சன்னமான வாதம். 1930களிலேயே யாராவது நெய்யூரில் பிடிவாதமாக முயன்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நம்ம ஆட்கள் கோட்டை விட்டார்கள் என்ற பேச்சுக்கு மட்டும் நான் உடன்பட மாட்டேன். நெய்யூர் அது எதற்காக ஏற்பட்டதோ அதைச் செய்தது.

‘இந்தியாவிலேயே முதல்’ என்று வேலூரைப் பற்றிச் சொல்லும் பட்டியலையும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். 1961ல் இதயத்தைத் திறந்து செய்த அறுவை, 1971ல் சிறுநீரக மாற்று என்று வரும். ரெண்டிலும் ‘வெற்றிகரமான’ என்ற சொல் ஒளிந்திருக்கும். சிறுநீரக மாற்றை மும்பையில் 1960களிலேயே முயன்றார்கள், நோயாளி நிலைக்கவில்லை. அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டுப் பேசினால் மும்பைக்காரர் சண்டைக்கு வருவார். எனக்குப் பெருமையாகப் படுவது வேறு ஒன்று. 1986ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமன் குழு சேகரித்த ரத்த மாதிரிகளை ராத்திரி ரயிலில் வேலூருக்குக் கொண்டுபோய்ச் சோதித்துத்தான் நம் நாட்டில் எய்ட்ஸ் கிருமி வந்துவிட்டது என்று கண்டுபிடித்தார்கள். அரசுக் கல்லூரிக்கும் மிஷன் ஆய்வகத்துக்கும் நடுவே ஒரு ஐஸ் பெட்டி போய்வந்த கதை.

இனி பில். லாப நோக்கம் இல்லை என்றால் இலவசம் என்று நம்ம ஊரில் ஒரு நினைப்பு. அப்படி இல்லை. வரவு செலவு போக மிஞ்சுவதை எடுத்துக்கொண்டு போக முதலாளியோ பங்குதாரரோ கிடையாது என்பதுதான் அதன் பொருள். மிஞ்சும் பணம் கட்டடமாகவோ கருவியாகவோ, காசில்லாதவர் பில்லில் தள்ளுபடியாகவோ திரும்ப உள்ளேயே போக வேண்டும். மிஞ்சவே கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மிஞ்சாத ஆஸ்பத்திரி பத்து வருஷத்தில் எக்ஸ்ரே பிலிமுக்கும் கடன் சொல்லும். நானே பார்த்திருக்கிறேன். நான் வேலை பார்த்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வருகிறவர்களுக்கெல்லாம் தள்ளுபடி என்று நல்ல மனசோடு எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். மூன்று மாதம் எங்களுக்குச் சம்பளம் பாதிப் பாதியாக வந்தது, பிறகு ஒவ்வொரு டாக்டராகக் கழன்றுகொண்டார். கடைசியில் தள்ளுபடி கொடுக்க ஆஸ்பத்திரி இருந்தது, பார்க்க டாக்டர் இல்லை.

வேலூரில் நடப்பது இதுதான். தனி அறை எடுக்கிறவர் கொடுக்கிற காசு பொது வார்டில் கிடக்கிறவருக்குக் கொஞ்சம் தாங்கும். மருந்துக் கடையும் ஆய்வகமும் மற்றதைத் தாங்கும். டாக்டர்கள் சம்பளத்துக்கு மட்டுமே வேலை செய்ய வேண்டும், வெளியே தனி கிளினிக் வைக்கக் கூடாது. வெளிச் சந்தையில் அதே டாக்டருக்குக் கிடைக்கக் கூடியதைவிட அந்தச் சம்பளம் குறைவு. அந்த வித்தியாசம்தான் உண்மையான நன்கொடை என்று நான் சொல்வேன். ரசீது போடாத நன்கொடை. எம்.பி.பி.எஸ். கல்லூரிக் கட்டணத்தை வருஷத்துக்குச் சில ஆயிரம் என்ற அளவிலேயே வைத்திருந்தார்கள். அதற்குப் பதிலாகச் சபை சிபாரிசில் சேர்ந்தவர் படித்து முடித்தபின் ரெண்டு வருஷம் ஏதாவதொரு மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்க வேண்டும். 1918ல் போட்ட அதே ‘யூனியன்’ கணக்கு. ஆயிரக்கணக்கான படுக்கை உள்ள ஒரு ஆஸ்பத்திரி அந்தக் கணக்கில் ஓடுகிறது.

அதற்காக அங்கே எல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. கூட்டம் பெருகிப்போய், வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்து லாட்ஜில் வாரக்கணக்காகக் கிடக்கிற குடும்பங்களைப் பார்த்தால் வயிறு எரியும். ஆஸ்பத்திரி பில்லைவிட லாட்ஜும் சாப்பாடும் அதிகம் தின்னும். ஏழைக்குத் தள்ளுபடி உண்டு என்றாலும் கேட்கத் தெரிந்தவனுக்குத்தான் கிடைக்கும். கூச்சப்பட்டு நிற்கிற நம்ம ஊர் ஆளுக்கு நகை அடகு வைப்பதுதான் முதலில் தோன்றும். அங்கே சமூகநலப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பில் கையில் வருவதற்கு முன்பே, நோயாளி படுக்கையில் இருக்கும்போதே, ரேஷன் கார்டோடு போய் அங்கே பேசுங்கள். வீடு வந்தபின் கேட்டால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

கடைசியாக, கேட்காத ஒன்று. சிறுநீரகக் கோளாறு நெடுநாள் சமாச்சாரம். ஒவ்வொரு ரத்தப் பரிசோதனைக்கும் காட்பாடி வரை ரயிலேற அப்பாவால் முடியாது. 2001லிருந்து ஆசாரிபள்ளத்தில், பழைய காசநோய் ஆஸ்பத்திரி வளாகத்தில், நமக்கே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, திருவனந்தபுரமும் பக்கம். இடையில் எங்கே பார்ப்பது என்பதை வேலூர் டாக்டரிடமே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வேலூரில் அப்பாவுக்கு ஒரு எண் கொடுத்திருப்பார்கள். இருபது வருஷம் கழித்துப் போனாலும் அதே எண்தான், அதைச் சொன்னால் பழைய குறிப்பெல்லாம் வரும். அந்த அட்டையை டிஸ்சார்ஜ் காகிதத்தோடு ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, வீட்டில் நிலப் பத்திரம் வைக்கிற பெட்டியில் வையுங்கள். அட்டையைத் தொலைத்துவிட்டுப் பெயரையும் ஊரையும் மட்டும் சொல்லிக்கொண்டு வந்தவர்களுக்காக நான் எத்தனை மத்தியானங்கள் பழைய கோப்புகளைப் புரட்டியிருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும். நம்ம மாவட்டத்தில் ஒரே ஊரில் எத்தனை செல்லப்பன், எத்தனை தங்கம்மாள்!